நான்கு மாதக் கூலி: றொபேட் ஓவனும் நியூ லனாக் தொழிலாளரும்

வேலைத்தலத்திலே ஒரு தலைவன் தன் கீழ் உழைப்போரின் நம்பிக்கையைப் பெறுவது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடை கூறுவோர் பலர். அன்பாகப் பேசுக, பெயர் சொல்லி அழைக்க, முகமலர்ச்சியோடு பழகுக என்று உபதேசம் செய்வோர் உளர். இவை தீயன என்று நாம் சொல்லவில்லை. ஆனால் உழைக்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாக இனிய சொற்களைக் கேட்டு ஏமாந்தவர்கள். ஆதலால் அவர்கள் சொல்லை எடைபோடுவதில்லை; செயலையே எடைபோடுகிறார்கள். அதிலும், இலாபம் வரும் வேளையில் தலைவன் செய்வதையன்று, நட்டம் வரும் வேளையில் அவன் செய்வதையே எடைபோடுகிறார்கள்.

இதனை விளக்குதற்கு ஸ்கொட்லாந்து தேசத்து ஆலைக் கிராமம் ஒன்றின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். சமவுடைமைச் சிந்தனையின் வரலாற்றைக் கற்போர் றொபேட் ஓவன் என்ற பெயரை அறியாதிரார். கற்பனாவாத சோஷலிஸ்டுகளுள் ஒருவர் என்று அவரைப் பாடநூல்கள் குறிப்பிட்டுவிட்டு அப்பால் நகர்ந்துவிடும். ஆனால் அவர் சிந்தனையாளராகப் பெயர் பெறுவதற்கு முன்னர் ஓர் ஆலை முகாமையாளராக இருந்தார். அவரை நம்ப மறுத்த ஏறத்தாழ 2000 மக்களின் நடுவே நின்றுதான் அவர் தமது முதற் பாடங்களைக் கற்றார்.

அந்நியர் ஒருவர் வருகிறார்

ஓவன் 1771இல் வேல்ஸ் நாட்டின் நியூற்றவுண் என்ற சிற்றூரிலே பிறந்தவர். தந்தையார் குதிரைச் சேணம் செய்பவர்; இரும்புச் சாமான்களும் விற்பவர். பத்து வயதிலே வீட்டை விட்டுப் புறப்பட்ட சிறுவன், துணிக்கடைகளில் வேலை பழகி, மாஞ்செஸ்ரர் நகரை அடைந்தான். இருபது வயதளவில், ஏறத்தாழ 500 தொழிலாளர் வேலை செய்த நூற்பாலை ஒன்றின் முகாமையாளர் பதவி அவருக்குக் கிடைத்தது. அங்கே அவர் செய்த முதற் காரியம் கவனிக்கத்தக்கது. ஆறு வாரம் வரை அவர் எவருக்கும் நேரடியாக ஓர் ஆணையும் இடவில்லை. அதிகாலையில் முதல் ஆளோடு உள்ளே சென்று, இரவில் கதவு பூட்டப்படும்வரை நின்று, ஒவ்வொரு வேலையையும் கண்ணாற் பார்த்தார். கேட்டதற்கு ஆம் அல்லது இல்லை என்று மட்டும் விடையளித்தார். அதிகாரம் கைக்கு வந்த அன்றே ஆணை பிறப்பிக்கத் துடிப்போர் நிறைந்த உலகில் இது அரிய பண்பேயாம்.

வாக்குறுதியின் பெறுமதியையும் அவர் அங்கேயே உணர்ந்தார். ஆலையில் பங்காளியாக்குவதாக எழுத்தில் உறுதி தந்திருந்த முதலாளி, பின்னர் குடும்ப நலன் கருதி அதிலிருந்து விலக விரும்பினார். முகாமையாளராகவே இருக்கும்படியும் வேண்டிய சம்பளத்தைக் கேட்கும்படியும் ஓவனிடம் கூறினார். ஓவன் அந்த ஒப்பந்தப் பத்திரத்தை முதலாளியின் கண்முன்னே நெருப்பிலிட்டு, வேலையையும் துறந்தார்.

1800 ஜனவரி 1ஆம் திகதி அவர் நியூ லனாக் ஆலைகளின் முகாமையைப் பொறுப்பேற்றார். கிளைட் நதியின் நீர்வீழ்ச்சிகளுக்கு அருகே, 1785இல் டேவிட் டேல் என்ற வணிகரும், நூற்பு இயந்திரத்தால் புகழ்பெற்ற ரிச்சாட் ஆர்க்ரைற்றும் சேர்ந்து தோற்றுவித்த ஆலைகள் அவை. டேலின் மகளை மணந்த ஓவனும் அவருடைய மாஞ்செஸ்ரர் பங்காளிகளும் 60,000 பவுணுக்கு அவற்றை வாங்கியிருந்தனர்.

அங்கே உழைத்த மக்கள் யார்? மேட்டுநிலப் பகுதிகளில் வாழ வழியிழந்து இறங்கி வந்தவர்கள். வேறு போக்கிடம் இல்லாதவர்கள். எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் அநாதை விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 500 குழந்தைகள். டேல் இரக்கமுள்ளவர் என்று பெயர் பெற்றவர். குழந்தைகளுக்கு உணவும் உடையும் குறைவின்றிக் கொடுத்தார். மாலையிற் பள்ளியும் நடத்தினார். ஆயினும் ஆறு ஏழு வயதுக் குழந்தைகள் காலை 6 மணி முதல் மாலை 7 மணிவரை இயந்திரத்தருகே நின்றுவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் உறக்கமன்றி வேறு என்ன வரும்? முதலாளியின் இரக்கமும் ஆலையின் நேரக்கணக்கும் மோதும்போது எது வெல்லும் என்பதற்கு அக்குழந்தைகளின் சோர்ந்த கண்களே சாட்சி.

இம்மக்கள் ஓவனை நம்பவில்லை. நம்பாமைக்குத் தக்க காரணங்களும் இருந்தன. அவர் அந்நிய தேசத்தவர், அவருடைய பேச்சு அவர்களுடைய பேச்சன்று, மதக்கொள்கையும் வேறு. புதிய முதலாளி வந்தால் வேலை கூடும், விதிகள் இறுகும் என்பதே அவர்கள் கண்ட அனுபவம். களவும் குடியும் மிகுந்திருந்தன என்று ஓவன் எழுதுகிறார். அது முதலாளியின் கண்கொண்டு எழுதப்பட்ட சித்திரம் என்பதை நாம் மறத்தல் ஆகாது. தன் உழைப்பின் பயன் தன்னுடையதல்ல என்று அறிந்தவன், ஆலையின் பொருளைப் பேணவேண்டும் என்ற எண்ணத்தை எங்கிருந்து பெறுவான்?

கடையும் கணக்கும்

மக்களைத் திருத்த முயலுமுன் அவர்களைச் சூழ்ந்த நிலைமைகளை மாற்றவேண்டும் என்பதே ஓவனின் அடிப்படைக் கொள்கை. மனிதனின் குணம் அவனாக ஆக்கிக்கொள்வதன்று, அவனுக்காக ஆக்கப்படுவது என்று அவர் கருதினார்.

முதலில், மக்களிடையே இயல்பான ஆற்றலாலோ நிலையாலோ செல்வாக்குப் பெற்றிருந்தவர்களைத் தேடிச்சென்று, தாம் செய்யக் கருதிய மாற்றங்களை விளக்கினார். அடுத்து, கடைகளின் பக்கம் திரும்பினார். கிராமத்துச் சில்லறைக் கடைகள் தாழ்ந்த சரக்கை உயர்ந்த விலைக்குக் கடனாக விற்று, தொழிலாளரை நிரந்தரக் கடனாளிகளாக வைத்திருந்தன. ஓவன் நல்ல பொருள்களை மொத்தமாக வாங்கி, அடக்க விலைக்குச் சற்றே மேலாக விற்கும் கடையைத் திறந்தார். மக்களுடைய செலவில் நாலில் ஒரு பங்கு மிச்சமாயிற்று என்பது அவர் கணக்கு. கடையில் எஞ்சிய இலாபம் குழந்தைகளின் பள்ளிக்குச் சென்றது. நோய்க்கால நிதிக்கு ஒவ்வொருவரும் தம் கூலியில் அறுபதில் ஒரு பங்கு கொடுத்தனர்.

களவு விடயத்தில் அவர் எவரையும் நீதிமன்றத்துக்கு இழுக்கவில்லை. பொருள் கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் கணக்கு எடுக்கும் முறையை ஏற்படுத்தினார். எவர் கையிற் குறைந்தது என்பது உடனே தெரிந்தமையால், குறைவதே நின்றது.

யாவற்றிலும் விசித்திரமானது 'பேசாக் கங்காணி' எனத்தக்க கருவி. இரண்டு அங்குல நீளமான சிறு மரத்துண்டு. அதன் நான்கு பக்கங்களுக்கும் கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என நான்கு நிறங்கள். தீயது, நடுத்தரம், நன்று, மிக நன்று என்பன அவற்றின் பொருள். ஒவ்வொரு தொழிலாளியின் இடத்திலும் அது தொங்கும். முந்திய நாள் அவருடைய நடத்தை எத்தகையதோ அந்நிறம் முன்பக்கம் பார்க்கும். ஓவன் ஆலையினூடே நடந்து செல்கையில் மரத்துண்டைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார். ஏச்சும் இல்லை, அடியும் இல்லை.

இதனை நாம் அப்படியே புகழ்ந்துவிட முடியாது. வளர்ந்த மனிதரை வகுப்புப் பிள்ளைகளாக்கி, நாளாந்தம் நிறமிட்டுக் காட்டுவது அவர்களின் மானத்துக்கு உகந்ததன்று. எனினும் இம்முறையிலே ஒரு நற்கூறு இருந்தது. மேற்பார்வையாளர் நீதியாக நடக்கவில்லை என்று கருதும் தொழிலாளி, அந்த நிறம் புத்தகத்திற் பதியப்படுமுன் ஓவனிடம் நேரே முறையிடலாம். மேற்பார்வையாளர்களுக்கும் அதே மரத்துண்டு தொங்கியது. கண்காணிக்கிறவனும் கண்காணிக்கப்படுகிறான்; தீர்ப்புக்கு மேல் முறையீடு உண்டு. பிரம்பும் வசைமொழியும் ஆண்ட அக்கால ஆலைகளிலே இது சிறிய மாற்றமன்று.

ஆயினும், இவை அனைத்தும் செய்தபின்னரும் மக்கள் நம்பவில்லை. வீடுகளின் துப்புரவைப் பார்க்கச் சென்றவர்களுக்குப் பெண்கள் 'மூட்டைப்பூச்சி வேட்டைக்காரர்' என்று பெயர் சூட்டிக் கதவைச் சாத்தினார்கள். அவர்களை வற்புறுத்தவேண்டாம் என்று ஓவன் கூறினார். அது நல்லது. ஆனால் அவர்கள் ஏன் கதவைச் சாத்தினார்கள் என்பதையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். பகல் முழுவதும் முதலாளியின் கூரையின் கீழ் நின்றவர்களுக்கு, இரவில் தம்முடையது என்று சொல்ல அந்தக் கதவு ஒன்றே இருந்தது. அவர் செய்த சீர்திருத்தங்களால் ஆலைக்கும் இலாபம் கூடிக்கொண்டே போயிற்று. இந்த மனிதர் நமக்காகச் செய்கிறாரா, தமக்காகச் செய்கிறாரா? இச்சந்தேகத்தைத் தீர்க்கும் சோதனை அதுவரை வரவில்லை.

ஓடாத ஆலை

சோதனை அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து வந்தது. பிரித்தானியாவும் பிரான்சும் போரிட்டுக்கொண்டு நடுநிலைக் கப்பல்களைப் பிடித்த வேளையில், அமெரிக்க அரசு தன் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. ஓவன் தமது முதுமையில், 1857இல் வெளியிட்ட சுயசரிதையிலே இதனை 1806இல் நிகழ்ந்ததாக நினைவுகூர்கிறார்; தடைச்சட்டம் நிறைவேறியது 1807 டிசெம்பரிலாகும். பஞ்சின் விலை மளமளவென்று ஏறியது. வாங்கி நூற்றால் நட்டம். ஆலை முதலாளிகள் பலர் இயந்திரங்களை நிறுத்தினர். தொழிலாளரைத் தெருவில் விட்டனர்.

ஓவனும் இயந்திரங்களை நிறுத்தினார். ஆனால் ஆட்களை நிறுத்தவில்லை. இயந்திரங்களைத் துடைத்து நல்ல நிலையில் வைத்திருப்பதே அவர்களின் வேலை என்றார். நான்கு மாதம் ஆலை ஓடவில்லை. நான்கு மாதமும் முழுக்கூலி கொடுக்கப்பட்டது. ஒரு பென்னியும் குறைக்கப்படவில்லை. அதற்குச் சென்ற தொகை 7000 பவுணுக்கு மேல்.

அன்றுதான் நியூ லனாக் மக்கள் ஓவனை நம்பினார்கள். அதன் பின் தமது மாற்றங்களுக்கு அவர்களிடமிருந்து எதிர்ப்பு எழவில்லை என்று அவரே எழுதுகிறார். ஆண்டுக்கணக்காகச் செய்த விளக்கங்கள் பெற்றுத்தராததை அந்த நான்கு மாதங்கள் பெற்றுத்தந்தன. காரணம் வெளிப்படை. அதுவரை அவருடைய நலமும் அவர்களுடைய நலமும் ஒரே திசையில் சென்றன. எவருக்காக எது செய்யப்படுகிறது என்று பிரித்தறிய வழியில்லை. நெருக்கடி வந்தபோது இரண்டும் பிரிந்தன. அவர் தம் பக்கத்து நட்டத்தை ஏற்று, அவர்கள் பக்கத்துக் கூலியைக் காத்தார்.

இவ்விடத்தில் இன்னோர் உண்மையையும் கூறாமல் விடலாகாது. கப்பலில் வராமல் நின்ற அந்தப் பஞ்சு, அமெரிக்கத் தென்மாநிலங்களிலே அடிமைகளாக்கப்பட்ட ஆபிரிக்க மக்களின் கைகளால் விளைந்தது. கிளைட் நதிக்கரையில் நான்கு மாதக் கூலி கொடுக்கப்பட்டபோதும், அந்தப் பஞ்சைப் பறித்த கைகளுக்குக் கூலியே இல்லை. ஓர் ஆலையின் மதிலுக்குள் மலர்ந்த நம்பிக்கை எவ்வளவு உயர்ந்ததாயினும், உலகச் சந்தையின் நீதியீனத்தை அது தொடவில்லை.

கருணையின் எல்லை

பெற்ற நம்பிக்கையை ஓவன் வீணாக்கவில்லை. பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளை வேலைக்கு எடுப்பதை நிறுத்தினார். பங்காளிகள் அவருடைய செலவுகளை எதிர்த்து, 1813இல் ஆலைகளை ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது, ஜெரமி பெந்தம், வில்லியம் அலன் முதலிய புதிய பங்காளிகளோடு சேர்ந்து 114,100 பவுணுக்கு அவற்றை மீட்டார். முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் போக எஞ்சிய இலாபம் கல்விக்கும் மக்கள் நலனுக்கும் என்பது புதிய உடன்படிக்கை. அவர் திரும்பி வந்த நாளில் மக்கள் வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துச் சென்றனர். உழைப்பாளரை மிருகங்களாக நடத்தியது போதாதா என்று தாம் தடுத்தும் அவர்கள் கேட்கவில்லை என்கிறார் ஓவன். 1816 ஜனவரி 1ஆம் திகதி, குணவிருத்தி நிலையம் என்ற பெயரில் பெரும் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. அங்கே பிள்ளைகளுக்கு அடியில்லை; பாட்டும் நடனமும் இயற்கைப் பாடமும் இருந்தன. அதே ஆண்டில் வேலை நேரம் 10¾ மணியாகக் குறைந்தது.

1815க்கும் 1825க்கும் இடையில் ஏறத்தாழ 20,000 பேர் நியூ லனாக்கைப் பார்க்க வந்தனர். அவர்களுள் ஒருவர் பின்னாளில் ருஷ்யாவின் ஸார் மன்னராகிய நிக்கலஸ். பார்த்தார்கள், வியந்தார்கள், திரும்பிச் சென்றார்கள். அந்த ஸார் தம் நாட்டு மக்களை எப்படி ஆண்டார் என்பதை வரலாறு அறியும். முன்மாதிரியைக் கண்டவுடன் உடைமையாளர் மனம் மாறிவிடுவர் என்ற ஓவனின் எதிர்பார்ப்பு பொய்த்தது. பாராளுமன்றமும் அவர் வேண்டியதில் ஒரு பகுதியையே தந்தது. 1819ஆம் ஆண்டுச் சட்டம் பஞ்சாலைகளுக்கு மட்டும் உரியது. ஒன்பது வயதுக்குக் குறைந்தோரை வேலைக்கு எடுப்பதைத் தடுத்து, பதினாறு வயதுக்குக் குறைந்தோரின் வேலையை நாளுக்கு 12 மணியாக வரையறுத்ததோடு அது நின்றது. சட்டம் மீறப்படுகிறதா என்று பார்க்க அரசாங்கப் பரிசோதகர்கள் 1833இலேதான் ஏற்படுத்தப்பட்டனர்.

நியூ லனாக்கினுள்ளேயும் ஒரு குறை இருந்தது. அதை முதலிற் கண்டவர் ஓவனேயாவார். அம்மக்கள் தம் தயவில் வாழும் அடிமைகளே என்ற பொருளில் அவர் ஒப்புக்கொண்டதை ஏங்கெல்ஸ் 1880இல் வெளிவந்த தமது சிறு நூலில் எடுத்துக்காட்டுகிறார். 2500 பேர் கொண்ட இக்கிராமம், அரை நூற்றாண்டுக்கு முன் 600,000 பேர் சேர்ந்து ஆக்கியிருக்கக்கூடிய செல்வத்தை ஆக்குகிறது. அப்படியானால் இடையிலுள்ள செல்வம் எங்கே போயிற்று என்று ஓவன் தம்மையே கேட்டுக்கொண்டார். விடை கணக்குப் புத்தகத்தில் இருந்தது. முதலுக்குரிய ஐந்து வீதத்துக்கு மேலாக 300,000 பவுணுக்கு அதிகமான இலாபம் உடைமையாளரைச் சென்றடைந்திருந்தது. அந்த நான்கு மாதக் கூலியாகிய 7000 பவுணை இத்தொகையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பது சற்றே குழம்பித் தோன்றும்.

1824இல் இக்குறை வெளிப்பட்டது. பங்காளிகள், குறிப்பாக வில்லியம் அலன், பள்ளியின் போக்கை ஏற்கவில்லை. கொம்பனிச் செலவில் நடனம் கற்பித்தல் நிற்கவேண்டும், வேதபாடம் வேண்டும் என்ற உடன்படிக்கையில் ஓவன் கையொப்பமிட நேர்ந்தது. பிள்ளைகளின் பெற்றோர் அந்த உடன்படிக்கையின் கட்சிக்காரர் அல்லர். பள்ளி அவர்களுக்காக நடந்தது, அவர்களுடையதாக இருக்கவில்லை. விரைவில் ஓவன் புதிய சமுதாயம் காண அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். அவர்கள் நம்பிய மனிதர் போய்விட்டார். நம்பிக்கைக்கு ஆதாரமான உரிமை ஒன்றும் அவர்கள் கையில் எஞ்சவில்லை.

உரிமையாக மாறிய நம்பிக்கை

இந்தியானாவில் அவர் நிறுவிய நியூ ஹார்மனி குடியிருப்பு சில ஆண்டுகளிற் சிதைந்தது. தாயகம் திரும்பிய ஓவனை, இம்முறை தொழிலாளரே தேடி வந்தனர். 1834இல் நாடளாவிய பெருந் தொழிற்சங்கம் ஒன்று அவர் தலைமையில் எழுந்தது. அதே ஆண்டில் அடக்குமுறைக்கும் உட்பூசலுக்கும் ஆளாகி வீழ்ந்தது. டோல்படில் என்ற ஊரின் ஆறு விவசாயக் கூலிகள், சங்கம் சேர்ந்து இரகசியச் சத்தியம் செய்த குற்றத்துக்காக ஏழு ஆண்டு நாடுகடத்தப்பட்ட ஆண்டும் அதுவே. வர்க்கங்களின் இணக்கத்தை நம்பிய ஓவனுக்கும், போராட்டத்தை வற்புறுத்திய தோழர்களுக்கும் இடையே கருத்து ஒன்றுபடவில்லை. மக்களுக்காகச் சிந்திக்கப் பழகிய தந்தையொத்த தலைவருக்கு, மக்களோடு சேர்ந்து சிந்திப்பது கடினமாயிற்று.

ஆனால் விதை வீண்போகவில்லை. 1844 டிசெம்பர் 21ஆம் திகதி, ரொச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து சிறு கடை ஒன்றைத் திறந்தனர். அவர்களுட் சிலர் ஓவனின் கொள்கையில் ஊறியவர்கள். கலப்படமற்ற சரக்கு, சரியான நிறை, நியாய விலை என்பன நியூ லனாக் கடையிலும் இருந்தவையே. புதியது யாதெனில், இக்கடைக்கு எஜமானன் இல்லை. பங்கு எத்தனையாயினும் ஆளுக்கு ஒரு வாக்கு. இலாபம் வாங்கியவர்களுக்கே திரும்பியது. கணக்கு அங்கத்தவரின் பார்வைக்குத் திறந்திருந்தது. நல்லவர் ஒருவரை நம்பிய நிலையிலிருந்து, எவர் வந்தாலும் கேள்வி கேட்கக்கூடிய ஒழுங்கை நம்பும் நிலைக்கு உழைக்கும் மக்கள் வந்தனர்.

அந்த வழி எமது ஊர்களையும் வந்தடைந்தது. இலங்கையில் 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச்சட்டம் பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பங்கீட்டு உணவை வழங்கக் கூட்டுறவுப் பண்டகசாலைகள் நாடெங்கும் எழுந்தன. 'சங்கக்கடை' என்ற சொல் எமது வீட்டுச் சொல்லாயிற்று. அச்சொல்லின் வேர் ரொச்டேலுக்கும், அதற்கும் அப்பால் கிளைட் நதிக்கரைக்கும் ஓடுகிறது. பொதுக்கூட்டத்துக்குப் போகாமலும் கணக்கைக் கேட்காமலும் இருந்த இடங்களில் சங்கக்கடையும் சிலரின் கடையானதை நாம் கண்டிருக்கிறோம். வாக்கு இருந்தாற் போதாது. அதைப் பயன்படுத்தவும் வேண்டும்.

ஓவன் 1858 நவம்பர் 17ஆம் திகதி தாம் பிறந்த ஊரிலேயே காலமானார். நியூ லனாக் ஆலைகள் 1968இல் மூடப்பட்டன. 2001இல் அக்கிராமம் உலகப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்டது.

இவ்வரலாற்றை நாம் ஆலை முதலாளிகளுக்காக எழுதவில்லை. இதழைப் படிக்கும் ஆசிரியர்களுள் சிலர் நாளை அதிபராவர். மாணவர்களுட் சிலர் அலுவலகத்திலோ தொழிற்சங்கத்திலோ பிறருக்குப் பொறுப்பானவராவர். முற்போக்காளர் என்ற பெயர் எவருக்கும் நம்பிக்கையைச் சீதனமாகத் தந்துவிடாது. அதை நட்டம் வரும் நாளிலேதான் சம்பாதிக்கவேண்டும். சம்பாதித்தபின்னர், அதனைத் தம் பெயரில் வைத்துக்கொள்ளாமல், கணக்காகவும் வாக்காகவும் முறையீட்டு உரிமையாகவும் மாற்றி, மக்களின் கையிலே கொடுத்துவிடவேண்டும். முதலாவதை ஓவன் செய்தார். இரண்டாவதைச் செய்தவர்கள் ரொச்டேலின் அந்த 28 பேர்.